நாயன்மார் வரிசையும் நமது வாசற்படியும்

திருச்சிற்றம்பலம்

சிவாலயம் ஒன்றிலே மூலமூர்த்தியை வணங்கி உள்வீதியை வலம் வரும்போது, தென்புறத்தில் அறுபத்துமூன்று நாயன்மாரும் வரிசையாக எழுந்தருளியிருப்பதைக் காண்கின்றோம். அந்த வரிசையைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். குயவரான திருநீலகண்டர், மீனவரான அதிபத்தர், சலவைத் தொழில் செய்த திருக்குறிப்புத் தொண்டர், நெசவு செய்த நேசர், வேடரான கண்ணப்பர், ஆயரான ஆனாயர், பாணரான திருநீலகண்ட யாழ்ப்பாணர், புலையர் குலத்தவரான திருநாளைப்போவார் ஆகியோரெல்லாம் அரசருக்கும் அந்தணருக்கும் வணிகருக்கும் வேளாளருக்கும் நடுவே ஒரே மேடையில், ஒரே உயரத்தில் நிற்கின்றார்கள். ஒருவருக்குக் காட்டும் தீபமே மற்றவருக்கும் காட்டப்படுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் வகுத்துக் காட்டிய வரிசை இது.

இந்த வரிசையின் முன்னே கைகூப்பி நிற்கும்போது நாம் வாய் திறவாமலே ஒரு கொள்கையை ஏற்றுக்கொள்கின்றோம். இறைவன் சந்நிதியில் அடியார் எல்லோரும் சமம் என்பதே அக்கொள்கை. அறநெறிப் பாடசாலையில் பிள்ளைகளுக்கும் அதனையே கற்பிக்கின்றோம். குருபூசை நாட்களிற் சொற்பொழிவாளரும் அதனையே எடுத்துரைக்கின்றார்கள்.

ஆனால் ஆலய வாசற்படியைத் தாண்டி வீட்டு வாசற்படிக்குள் நாம் நுழையும்போது அந்தக் கொள்கையும் நம்முடன் உள்ளே வருகின்றதா, அல்லது பாதணி வைத்த இடத்திலேயே நின்றுவிடுகின்றதா? இதுவே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விடயமாகும்.

சாத்தமங்கையில் ஓர் இரவு

பெரியபுராணத்திலே திருநீலநக்க நாயனார் வரலாறு நமக்கு நல்ல பாடமாக அமைந்துள்ளது. அவர் சாத்தமங்கை என்னும் ஊரிலே வாழ்ந்த அந்தணர். ஆசாரத்திற் சிறிதும் வழுவாதவர். சிவலிங்கத்தின் மேல் சிலந்தி விழுந்தபோது, அதனை வாயால் ஊதித் துமிந்து நீக்கிய தம் மனைவியாரையே விலக்கி வைக்கத் துணிந்தவர். பின்பு இறைவன் கனவிலே தோன்றி, அம்மையாரின் அன்பே பெரிது என உணர்த்தினான் என்பது வரலாறு.

அவருடைய இல்லத்துக்கு ஒருமுறை திருஞானசம்பந்தப் பிள்ளையார் அடியார் கூட்டத்துடன் எழுந்தருளினார். இரவு உணவு முடிந்தது. உடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாருக்கும் தங்க ஓர் இடம் தருமாறு பிள்ளையார் கேட்டார். யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். அக்கால வழக்கப்படி அந்தணர் வீட்டினுள்ளே அவருக்கு இடமில்லை. திருநீலநக்கர் திண்ணையைக் காட்டியிருக்கலாம், அயலில் வேறொரு வீட்டை ஒழுங்கு செய்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ வீட்டின் நடுவிலே, தாம் வேள்வி செய்யும் வேதிகையின் அருகிலேயே இடம் அளித்தார். அப்பொழுது வேள்வித்தீ வலப்புறமாகச் சுழன்று முன்னிலும் சிறப்பாக எழுந்தது என்று புராணம் கூறுகின்றது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், திருநீலநக்கர் மேடையேறி எதனையும் பேசவில்லை என்பதாகும். அவர் தமது வீட்டிலே, தமக்கு மிகவும் புனிதமான இடத்திலே, ஒருவருக்குப் பாய் விரிக்க இடங்கொடுத்தார். அவருடைய கொள்கை அந்தப் பாயின் மேலே தெரிந்தது.

மாவிட்டபுரத்துக் கதவு

இனி நம் நாட்டிலே, நம்மில் வயதானவர்கள் பத்திரிகையில் வாசித்து அறிந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் தோற்றத்தைப் பற்றிய ஐதிகம் யாவரும் அறிந்ததே. மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசிக்கு முகம் குதிரை முகமாக இருந்தது. கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி வழிபட்டமையால் அது நீங்கியது. அந்த நன்றியினாலே எழுந்த கோயில் என்றும், மா, அதாவது குதிரை முகம், விட்ட புரம் என்பதே ஊரின் பெயராயிற்று என்றும் சொல்லுவர். பிறர் கண்டு முகஞ்சுழித்த ஒருத்தியை முருகப்பெருமான் ஏற்றுக்கொண்ட தலம் என்பதே அந்த ஐதிகத்தின் சாரம்.

அதே தலத்தில் 1968ஆம் ஆண்டு வருடாந்த உற்சவ காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த அடியார்கள் தாமும் உள்ளே சென்று வழிபட வேண்டும் என்று கேட்டு வாசலுக்கு வந்தார்கள். அவர்களை உள்ளே விடாமல் ஒரு கூட்டத்தார் வாசலில் வரிசையாக நின்று தடுத்தார்கள். வெளியே நின்றவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கைகலப்பும் நேர்ந்தது. ஆலயங்களிலும் பொது இடங்களிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று கூறும் 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறி அப்போது பதினொரு வருடங்கள் கடந்திருந்தன.

தடுத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் அவர்கள். இறந்தவரை இகழ்வதற்காக அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய வாழ்க்கையில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருப்பதனாலேயே எழுதுகின்றேன்.

அவர் கணிதப் பேராசிரியராக இருந்த கல்விமான். வவுனியாவின் பாராளுமன்ற உறுப்பினர். 1947இல் அமைந்த அமைச்சரவையிலே வர்த்தக அமைச்சர். 1948ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்திலே வாக்கெடுப்புக்கு வந்தபோது அவர் சபையை விட்டு வெளியேறினார். அதனால் அமைச்சர் பதவியும் போயிற்று. தோட்டத் தொழிலாளரின் உரிமை சம்பந்தப்பட்ட அந்த விடயத்தில் ஓர் அமைச்சர் தம் பதவியை இழந்தமை சிறிய காரியமன்று. கிருலப்பனையில் வாழும் நம்மிற் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் மலையகத்திலிருந்து வந்தவர்கள். ஆகையால் அதன் பெறுமதி நமக்கு நன்கு விளங்கும்.

அப்படிப்பட்ட ஒருவர் இருபது வருடங்களின் பின் மாவிட்டபுரத்து வாசலிலே வழிமறித்து நின்றார். அந்தச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது.

இது எவ்வாறு நேர்ந்தது? அரசாங்கத்தின் முன்னே தமிழர் என்ற வகையில் அவர் கீழ்ப்படியில் நின்றார். அங்கே சமத்துவம் என்பது அவருக்கு வேண்டிய பொருளாக இருந்தது. கோயில் வாசலிலோ அவர் மேற்படியில் நின்றார். அங்கே சமத்துவம் என்பது அவர் கொடுக்க வேண்டிய பொருளாக இருந்தது. கேட்பதற்கு இருந்த துணிவு கொடுப்பதற்கு வரவில்லை.

அன்பர்களே, இது ஒருவருடைய குறை மாத்திரமன்று. நாம் எல்லோரும் ஒரு படிக்குக் கீழும் இன்னொரு படிக்கு மேலும் நிற்கின்றவர்களே. மேலே உள்ளவரிடம் நீதி கேட்கும்போது நம் கொள்கை உரத்த குரலிற் பேசுகின்றது. கீழே உள்ளவர் நம்மிடம் அதனையே கேட்கும்போது வழக்கம், மரபு, காலம் வரட்டும் என்று குரல் தாழ்ந்துவிடுகின்றது. ஆகவே ஒருவருடைய கொள்கையை அளக்க வேண்டுமாயின், அவர் மேலே நிற்கும் படியிலேதான் அளக்க வேண்டும்.

பின்னர் 1990ஆம் ஆண்டிலே யுத்தம் வலிகாமம் வடக்கைச் சூழ்ந்தபோது, கதவைக் காத்தவரின் குடும்பங்களும் கதவுக்கு வெளியே நின்றவரின் குடும்பங்களும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஒரே வீதியால் இடம்பெயர்ந்தன. அந்தச் சுற்றாடல் உயர் பாதுகாப்பு வலயமாகிப் பல ஆண்டுகள் மக்கள் நடமாட்டமின்றிக் கிடந்தது. யாரை உள்ளே விடுவது என்று வாதாடிய வாசலுக்கு, வருவாரே இல்லாத காலமும் வந்தது.

மதுரையில் நடந்தது

இதற்கு மாறான ஓர் உதாரணத்தையும் அறிதல் நன்று. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் திகதி, வழக்கறிஞரான வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்களை உடன் அழைத்துக்கொண்டு உள்ளே சென்று வழிபட்டார். அவ்வாறு சென்றவர்களுள் பிற்காலத்தில் சென்னை மாநிலத்தில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்களும் ஒருவர். கோயிலின் நிருவாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்கள் அதற்குத் துணை நின்றார். இராஜாஜியின் அரசாங்கம் அதனைப் பாதுகாக்க அவசரச் சட்டமும், அதே ஆண்டிலே ஆலயப் பிரவேசச் சட்டமும் கொண்டுவந்தது. எதிர்ப்பும் இருந்தது. பட்டர்களிற் சிலர் பூசைக்கு வர மறுத்தார்கள்.

ஐயர் அவர்களுக்கு அந்தத் துணிவு அன்று காலையிலே திடீரென்று வந்ததன்று. அதற்கு முன்னரே அவர் தமது வீட்டில் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர்களைத் தங்கவைத்து, உணவளித்துப் படிக்கவைத்தவர். வீட்டின் கதவை முதலில் திறந்தவருக்குக் கோயிலின் கதவைத் திறப்பது இயல்பாயிற்று. சாத்தமங்கைத் திருநீலநக்கர் காட்டிய வழியும் இதுவே.

மகாத்மா காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு வந்து, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மக்களைச் சந்தித்தவர். அவர் 1934இல் மதுரைக்குச் சென்றபோது மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்லவில்லை. எல்லோருக்கும் திறவாத கோயிலுக்குள் தாம் மட்டும் செல்வதில்லை என்பது அவர் கொண்ட விரதம். கோயில் திறக்கப்பட்ட பின்னர், 1946இல் வந்தபோதே உள்ளே சென்று வழிபட்டார். தரிசனம் எவ்வளவு பெரிய பேறு என்பது அடியார்களாகிய நமக்குத் தெரியும். கொண்ட கொள்கைக்காக அந்தப் பேற்றையே பன்னிரண்டு வருடங்கள் தள்ளி வைப்பது எளிதா என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாளாந்த வாழ்வில்

இன்று நம் ஆலயத்திலே எவரையும் எவரும் வாசலிலே தடுப்பதில்லை. ஆகவே இந்தப் பாடம் நமக்குரியதன்று என்று எண்ணிவிடல் ஆகாது. பெரிய கதவுகள் திறந்துவிட்டன, ஆனால் சிறிய கதவுகள் பல இன்னும் சாத்தியே இருக்கின்றன.

முதலாவது, நம்முடைய வாய்ச்சொல். முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்கக் கந்தோர்களில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை எழுதலாம் என நினைக்கின்றேன். சுற்றறிக்கை எல்லோருக்கும் ஒன்றே. படிவமும் ஒன்றே. ஆனால் சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தவருக்கு, "வாருங்கள், இருங்கள்" என்று கதிரை கிடைக்கும். தோட்டத்திலிருந்து இரவு முழுவதும் பஸ்ஸிலே வந்து இறங்கிய வயோதிப மாதாவுக்கு, "நீ அங்கே போய் நில்" என்பது கிடைக்கும். அப்படிச் சொல்பவரின் நெற்றியில் திருநீறு இருப்பதும் உண்டு. சட்டம் எதுவும் மீறப்படவில்லை, கோவையில் ஒரு குறையும் இராது. ஆயினும் அந்த ஒரு சொல்லிலே நாயன்மார் வரிசை முழுவதும் மறைந்துபோகின்றது. "நீ" என்பதற்கும் "நீங்கள்" என்பதற்கும் இடையிலே உள்ள தூரத்தைத் தமிழர்களாகிய நாம் நன்கு அறிவோம். முச்சக்கர வண்டி ஓட்டுபவர், மரக்கறி விற்பவர், வீடு கூட்ட வருபவர் ஆகியோரோடு நாம் எந்தச் சொல்லைக் கொண்டு பேசுகின்றோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றார்கள். அறநெறிப் பாடசாலையில் ஒரு மணித்தியாலம் படிப்பதைவிட வீட்டிலே நாள் முழுவதும் கேட்பதே அவர்கள் மனதிற் பதியும்.

இரண்டாவது, நமது வீட்டுக் கோப்பை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே ஒருசாராருக்கு வேறு பாத்திரம் கொடுத்த காலம் இருந்தது. அதனை எதிர்த்து 1960களிலே போராட்டங்கள் நடந்தன. கடைகள் மாறிவிட்டன. ஆனால் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஜன்னலோரத்திலே தனியாக ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருக்கும் வீடுகள் கொழும்பிலே இன்று இல்லை என்று துணிந்து கூற முடியுமா? அவருடைய கையாற் கழுவிய பாத்திரத்திலேதான் நாம் உண்கின்றோம். சுவாமி அறையைத் துடைத்துக் கொடுப்பவரும் அவரே.

மூன்றாவது, திருமண விளம்பரம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைத் திறந்தால், மேடையில் எல்லோரும் சமம் என்று பேசும் நாம் வீட்டிலே என்ன பேசுகின்றோம் என்பது அச்சிலே தெரியும். இதனை ஒரே நாளில் மாற்ற இயலாதிருக்கலாம். எனினும் பிள்ளைகளின் நல்வாழ்வுக்குக் குணமா, குலமா முதன்மை என்ற கேள்வியையாவது பெற்றோர் தமக்குள்ளே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, நமது ஆலயம். அன்னதானப் பந்தியிலே வந்த வரிசைப்படி அமர்வதே முறை. அறங்காவலருக்கும் உபயகாரருக்கும் தெரிந்தவர் என்பதற்காகப் பின்வாசலால் முதற்பந்திக்கு ஆட்களை அழைத்து வருவது, நாயன்மார் மேடையில் ஒருவரை மட்டும் இன்னொரு படி உயர்த்தி வைப்பது போன்றதாகும். கூலிக்கு வேலை செய்தவருக்கும் நாதஸ்வர, தவில் வித்துவான்களுக்கும் பூமாலை கட்டித் தந்தவருக்கும் அன்றைய கொடுப்பனவை அன்றே கொடுப்பதும் பூசையின் ஓர் அங்கம் என்றே கொள்ள வேண்டும். எம்பெருமானுக்கு ஆயிரம் ரூபா மாலை சாத்திவிட்டு, அதைக் கட்டியவரை மூன்று தடவை அலையவைத்தால் அந்த மாலையின் மணம் எங்கே போய்ச் சேரும்?

இன்னுமொன்று. சுவாமி வீதியுலா வந்து முடிந்த பின்னர், உடைத்த தேங்காய்ச் சிதறலையும் வாழையிலையையும் காகிதங்களையும் மறுநாள் விடியுமுன்னர் மாநகர சபைத் தொழிலாளர்களே கூட்டி அள்ளுகின்றார்கள். அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திச் செய்த தொண்டும் இதுதான். அவர் செய்தபோது அதைத் திருத்தொண்டு என்று வணங்குகின்றோம். இவர்கள் செய்யும்போது யார் செய்தார்கள் என்றும் பார்ப்பதில்லை. ஆலய மலர்களின் இறுதிப் பக்கங்களிலே நன்றி கூறும் பட்டியலில் பொருள் தந்தோர், விளம்பரம் தந்தோர் யாவரும் இடம்பெறுவர், தெருக் கூட்டியவர் இடம்பெறார். உற்சவம் நிறைவுற்ற பின்னர் ஒரு நாள் அவர்களைக் குடும்பத்துடன் அழைத்து, முதற்பந்தியில் அமரச்செய்து, அறங்காவலர் சபையினரும் உபயகாரரும் நின்று பரிமாற வேண்டும் என்பது அடியேனுடைய விருப்பம். வருகின்ற பொதுக்கூட்டத்திலே இதனைப் பிரேரணையாகவும் முன்வைக்க எண்ணியுள்ளேன். அடியார்கள் தங்கள் கருத்தைத் தயங்காது தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

ஒரு சிறு பயிற்சி

கொள்கை பெரியது, நாள் சிறியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயன்றால் எதுவும் நிலைக்காது. ஆகவே எளிய முறை ஒன்றைக் கூறுகின்றேன். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து நடுவிலே கோடு கிழியுங்கள். ஒருபக்கம் "சொன்னது", மறுபக்கம் "செய்தது" என்று எழுதுங்கள். இரவு திருநீறு அணிந்து நித்திரைக்குச் செல்லுமுன் ஒரேயொரு வரி எழுதினால் போதும். உதாரணமாக, இடதுபக்கத்தில் "எல்லோரும் இறைவன் பிள்ளைகள்" என்று எழுதினால், வலதுபக்கத்தில் அன்று அதற்காகச் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். வேலைக்கு வந்த அம்மாவை மேசையில் இருந்து தேநீர் அருந்தச் சொன்னேன் என்பது போலச் சிறியதாக இருக்கலாம். வலதுபக்கம் வெறுமையாக இருந்தால் அதை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். காரணங்களை எழுதி நிரப்ப வேண்டாம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எந்தக் கொள்கை வாயில் மட்டும் இருக்கின்றது என்பது தானே தெரியவரும். வங்கிக் கணக்கைத் திகதி தவறாமற் பார்க்கும் நமக்கு இது கடினமானதன்று.

மற்றொன்று, செய்ய நினைத்ததற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளல். கந்தோரிலே திகதி இடப்படாத கடிதத்துக்கு மதிப்பில்லை. அதுபோலத் திகதி இல்லாத நல்லெண்ணமும் எண்ணமாகவே போய்விடும். ஆதனூரிலே வாழ்ந்த நந்தனாரும் தில்லைக்கு "நாளைப் போவேன்" என்றே சொல்லி வந்தார், அதனாலேயே திருநாளைப்போவார் என்னும் பெயர் பெற்றார். ஆனால் அவருடைய நாளைக்கும் நம்முடைய நாளைக்கும் வேறுபாடு உண்டு. பிறர் அடைத்த கதவு அவரைத் தயங்க வைத்தது. நாம் நாளை என்பது நாமே அடைத்து வைத்திருக்கும் கதவைத் திறக்க மனமில்லாமையால். அவரும் ஒருநாள் இனித் தாமதிப்பதில்லை என்று புறப்பட்டார். தில்லைக் கூத்தன் அவரைத் தன்னிடத்தே ஏற்றுக்கொண்டான்.

மெய்யடியார்களே, சமயம் என்பது ஆலயத்திலே தொடங்கினாலும் ஆலயத்திலே முடிவதன்று. நாம் வணங்கும் அடியார்கள் எவ்வாறு வாழ்ந்தார்களோ அவ்வாறு ஒரு நாளில் ஒரு காரியமாவது செய்து வருவோமாயின், நம் பிள்ளைகளுக்கு நாம் வேறு சமயபாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இராது. அவர்கள் நம்மைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

அந்த நல்ல மனத்தையும், நினைத்ததைச் செய்து முடிக்கும் திடத்தையும் நம் அனைவருக்கும் தந்தருளுமாறு எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவடிகளைப் பணிந்து பிரார்த்திக்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்